கீழே நிற்கிற ஆள்

கத்தி பட்டதுமே பூச்சாடி இரண்டாகப் பிளந்து சமையலறைத் தரையில் விழுந்தது. அதிலிருந்த தண்ணீர் குணரத்தினத்தின் வேட்டிக் கரையை நனைத்துக்கொண்டு பிரிட்ஜின் அடியில் ஓடி மறைந்தது.

"ஊர்க் குடமெண்டால் கத்தி நுனியைக் காட்டினாலே பொத்துப்போகும்," என்றார் சடங்கு நடத்த வந்திருந்த குலசிங்கம் மாஸ்டர். கத்தி இன்னும் அவருடைய கையில் இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இது கல்லுப் போல கிடக்கு. கொஞ்சம் இறுக்கிக் கொத்தினன், சரி, துலைஞ்சுது."

அன்று மதியம் இறந்துபோன அண்ணனின் சவப்பெட்டியைச் சுற்றி மூன்று முறை தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குணரத்தினம் நடக்கவேண்டும். பின்னால் ஒருவர் வந்து சுற்றுக்கு ஒரு துளையாகக் கொத்துவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டுவிட்டு, அது உடைகிற சத்தத்தோடு, திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். தகப்பனுக்கு அண்ணன் இதைச் செய்தபோது குணரத்தினம் பக்கத்தில் நின்றிருக்கிறார். அந்தக் குடம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. ஒக்லாந்தில் மண்குடம் விற்கிற கடை அவருக்குத் தெரிந்து இல்லை. பூமரக் கடையில் இரண்டு சாடிகள் வாங்கியிருந்தார். இரண்டின் அடியிலும் நீர் வடிவதற்கு ஒரு துளை இருந்தது. மகள் ரதி விளையாடுகிற பிளாஸ்டிசின் களியை உருட்டி அடைத்திருந்தார்கள்.

"மூண்டு ஓட்டைதான் முறை," என்றார் மாஸ்டர், மிஞ்சிய சாடியைக் கவிழ்த்துப் பார்த்து. "இதில கொத்த முதலே ஒண்டு கிடக்கு. அதையும் விடுவம், இடம் அப்பிடி. ஆனால் இதுவும் பிளந்தால் என்ன செய்யிறது? தோளில வைச்சுப் பிளந்தால் உன்ர கழுத்தல்லோ போகும், தம்பி?"

வாசலில் மலர் நின்றாள். குணரத்தினத்தின் மனைவி இராசமலரை எல்லோரும் மலர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இஞ்சருங்கோ. உங்கட அண்ணையின்ர கூட்டாளி, அந்த மனோலிசிட்டைக் கேட்டுப் பாப்பமோ? அவையிட்டை மண்பாத்திரம் கிடக்கும்."

"தேவையில்லை."

"நான் கேட்டிட்டன்," என்றாள் மலர். "காலமை போன் பண்ணினனான். கொண்டு வாறாராம்."

குணரத்தினம் குனிந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். முன்பக்க ஹோலில் வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அண்ணன் சோதிலிங்கம் ஹோலில் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியை நேராக வைத்தால் கால்மாட்டில் கூரை ஒழுகும் இடம் வந்தது. அதனால் கொஞ்சம் கோணலாக வைத்து, காலடியில் வாளியை வைத்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அண்ணனைப் பார்த்தார்கள், பிறகு வாளியைப் பார்த்தார்கள்.

*

சோதிலிங்கம் கலியாணம் செய்யவில்லை. கொழும்பில் கட்டடப் படங்கள் வரைகிற வேலையில் இருந்தவர். தம்பி குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு வந்து இங்கேயும் அதே வேலையைத்தான் செய்தார். லின்ஃபீல்ட் வீட்டின் பின்னறை அவருடையது. முதல் சில வருடங்கள் சனிக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக மீன் வாங்கப் போவார்கள். பின்னேரம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார்கள். அண்ணன் அதிகம் கதைக்கமாட்டார். தம்பியும் அப்படித்தான். குணரத்தினத்துக்கு அந்த மௌனம் பிடிக்கும். அது தங்கள் இருவருக்கும் மட்டும் உரியது என்று நினைத்திருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அண்ணன் மாலை நேர மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தார். "வீட்டில சும்மா இருந்து என்ன செய்யிறது?" என்றார். அந்த வகுப்பில் மற்றவர்கள் கோப்பை செய்தார்கள், சாம்பல் கிண்ணம் செய்தார்கள். ஒருவன் மட்டும் ஓடு செய்தான். அவன்தான் மனோலிஸ், கிரேக்கன், ஏவன்டேலில் வீடு. வீட்டின் பின்புறம் ஓர் அடுப்படிக் கொட்டகைக்குத் தன் ஊர் மாதிரிக் கூரை போட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஓட்டை எங்கும் வாங்க மாட்டானாம். கையாலேயே செய்வானாம். சூளையும் அவனே கட்டியிருந்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் ஏவன்டேலுக்குப் போய்விட்டன.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் கதைக்கத் தொடங்கியது அப்போதுதான். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டிகளை வைத்துக் காட்டுவார்.

"இஞ்ச பார் குணம். ஒரு வரி ஓடு மல்லாந்து கிடக்கும், தண்ணி ஓட. அதுக்குப் பக்கத்து வரியும் மல்லாந்து கிடக்கும். நடுவில வாற இடைவெளியை மூட இன்னொரு ஓட்டைக் கவிட்டு வைப்பாங்கள். ஆணி இல்லை. தன்ர பாரத்திலேயே கிடக்கும். சரிவு கூடினால் ஓடு வழுக்கும். குறைஞ்சால் தண்ணி உள்ளுக்குத் திரும்பும். ரெண்டாயிரம் வருசமா அதுதான் முறையாம்."

"எங்கட கூரையும் ஒழுகுது, அண்ணை," என்பார் குணரத்தினம்.

"ஓம் ஓம். உது சும்மா ஒரு கொங்கிறீற் ஓடு வெடிச்சிருக்கும். வாற சனி பாப்பம்."

வாற சனி வரும். அண்ணன் ஏவன்டேலுக்குப் போவார்.

கவிழ்ந்த ஓட்டின் வாய் கூரை விளிம்பில் திறந்து கிடக்குமாம். காற்றும் குருவியும் புகாமல் அதற்கு ஒரு முகப்பு வைப்பார்களாம், விசிறி மாதிரி விரிந்த ஓர் இலை வடிவத்தில். அந்த இலையை அச்சில் வார்க்க அண்ணன் ஒரு குளிர்காலம் முழுவதும் பாடுபட்டார். நரம்பு சரிவரவில்லை என்றார். காய்கிறபோது நுனி வளைகிறது என்றார். ஓர் இலைக்காக இவ்வளவா என்று குணரத்தினம் நினைத்தார். மலர் கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாடு தொடப்படாமல் திரும்பி வரும். "கத்தினா விடமாட்டாள், பிள்ளை. மேசையில இழுத்து இருத்திப் போடுவாள்," என்பார் அண்ணன். கத்தினா மனோலிசின் மனைவி. மலர் அதற்காக ஒருநாளும் கோபப்படவில்லை. கோபப்பட்டது குணரத்தினம்.

இதற்கு மேல் ரதியும். பத்து வயதுப் பிள்ளை. மழையில்லாத சனிக்கிழமைகளில் பெரியப்பாவோடு தொற்றிக்கொண்டு போவாள். கிரேக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று எண்ணப் பழகியிருந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, ஏனா, தீயோ, திரியா என்று படிகளில் எண்ணிக்கொண்டு இறங்குவாள். கையால் செய்த ஓடுகள் ஒன்று போல ஒன்று இராதாம். ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டுமாம். ஒத்து வராததைப் பெரியப்பா மேலிருந்து அப்படியே வழுக்க விட்டுவிடுவாராம். அங்கிள் மனோலி கீழே நின்று பிடித்து, வேறொன்றை நீட்டுவாராம்.

"பெரியப்பா கீழே பார்க்கவே மாட்டார், அப்பா," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "சும்மா விட்டுவிடுவார். ஒன்றுகூட உடைந்ததில்லை."

குணரத்தினம் ஒருநாளும் அங்கே போகவில்லை. கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஒரு வேலை வந்தது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார்.

போன சனிக்கிழமை பின்னேரம் அண்ணன் அந்தக் கூரையிலிருந்து இறங்கி, களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கூரையின் கீழேயே ஒரு கதிரையில் இருந்தாராம். கத்தினா தண்ணீர் கொடுத்தாளாம். குணரத்தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. மூடியது யார் என்று அவர் கேட்கவில்லை. நடைபாதையில் மனோலிஸ் சுவரோடு சாய்ந்து நின்றான். அவனுடைய விரல்களில் காய்ந்த மண் இருந்தது.

*

மனோலிஸ் உள்ளே வந்தபோது ஹோலில் இருந்தவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். பெரிய உடம்பு. கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் பூட்டவில்லை. பின்னால் கத்தினா ஒரு தட்டைத் துணியால் மூடிக் கொண்டுவந்தாள்: அவித்த கோதுமை, மேலே சீனியும் பாதாம்பருப்பும். இறந்தவர்களுக்காக அவர்களுடைய ஆட்கள் செய்வதாம். மலர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மனோலிஸ் கக்கத்தில் ஒரு குடம் வைத்திருந்தான். அதைக் கீழே வைக்காமலே பெட்டிக்கருகில் நீண்ட நேரம் நின்றான். பிறகு அவன் பார்வை கால்மாட்டுக்குப் போனது. வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். மறுபடி வாளியைப் பார்த்தான்.

குணரத்தினத்துக்கு முகம் சுட்டது. பார், என்று அவர் மனதுக்குள் சொன்னார். நல்லாப் பார்.

சமையலறையில் மனோலிஸ் குடத்தை மேசைமேல் வைத்தான். கழுத்துச் சிறுத்த, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்த குடம். செங்கல் நிறம். மாஸ்டர் விரலால் சுண்டினார். மெல்லிய சத்தம் வந்தது.

"இது கொத்துப்படும்," என்றார். "அருமையான சாமான். எங்க வாங்கினது எண்டு கேள், தம்பி."

குணரத்தினம் கேட்கவில்லை. மனோலிசே சொன்னான். அவனுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வரும்.

"சோதி செய்தது. முதல் வருஷம். சரிந்துவிட்டது, அவனுக்குப் பிடிக்கவில்லை. எறி என்றான். நான் எறியவில்லை."

மாஸ்டர் சுண்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"செத்தவர் தானே செய்த குடமோ?" என்று மாஸ்டர் மெதுவாகத் தமிழில் கேட்டார். "இப்பிடி ஒண்டு நான் கேள்விப்படேல்லை. கூடுமோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. கேக்கிறதுக்கு இந்த நாட்டில என்னை விட்டால் ஆளும் இல்லை." யோசித்துவிட்டுச் சொன்னார்: "கூடும்."

குணரத்தினம் குடத்தின் மேல் கை வைத்தார். கழுத்தின் உட்பக்கத்தில் விரல் ஓடிய வரிகள் இருந்தன, அண்ணனின் விரல். மூன்று வருடம் இது அங்கேதான் இருந்திருக்கிறது. அண்ணன் செய்த ஒரு கோப்பைகூட இந்த வீட்டில் இல்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால், சூளை அங்கேதானே இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருப்பார். அது சரியான பதில்தான். சரியான பதில் என்பதால் வலி குறையவில்லை.

"கொத்திறது ஆர்?" என்று மலர் கேட்டாள். "மாஸ்டரின்ர கை..."

"என்ர கை சரிவராது. இதையும் பிளந்துபோடுவன்." மாஸ்டர் மனோலிசைப் பார்த்து, கையால் கொத்திக் காட்டி, மூன்று விரலை நீட்டினார். மனோலிசுக்கு உடனே விளங்கியது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய சுத்தியலை எடுத்தான். ஒரு முனை ஊசி போல இருந்தது. விளிம்பு ஓடுகளைக் கம்பியால் கட்டுவதற்கு அதைக் கொண்டுதான் துளையிடுவானாம்.

"வெளி ஆள், மாஸ்டர்," என்றார் குணரத்தினம்.

"ஊரில ஆர் கொத்தினது? உன்ர சித்தப்பனோ? காசுக்கு வாற ஆள்தானே கொத்தினது. கொத்திறவன் எப்பவும் வெளி ஆள்தான். காவுறவன்தான் சொந்தம்."

அது குணரத்தினத்துக்குப் பிடித்திருந்தது. குடத்தைத் தோளில் காவுகிறவன் நான். இவன் பின்னால் வருகிற ஆள். அந்த எண்ணம் வந்ததற்காக அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆனாலும் அதைக் கைவிடவில்லை.

*

ஊரில் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே வைகுமெட்டே மயானத்துக்கு எல்லோரும் கார்களில் வந்திருந்தார்கள். உள்ளே கம்பளம் விரித்திருந்ததால் தண்ணீர்ச் சடங்கை வெளியே செய்துகொள்ளச் சொன்னார்கள். கார் வந்து நிற்கும் இடத்தில் ஒரு கூரை இருந்தது. அதன் கீழ்ப் பெட்டியை வைத்தார்கள். மூன்று பக்கமும் மழை விளிம்பிலிருந்து நூல்நூலாக விழுந்தது.

மாஸ்டர் நடுங்கிய குரலில் ஒரு பதிகம் பாடினார். குணரத்தினம் சட்டையைக் கழற்றிவிட்டு இடது தோளில் குடத்தை வாங்கினார். குளிர்ந்த மண் தோலில் ஒட்டியது. தண்ணீர் உள்ளே அசைந்தது. கொள்ளிக்குப் பதிலாக ஒரு சந்தனக் குச்சியை மாஸ்டர் அவருடைய வலது கையில் கொடுத்து, அதை முதுகுக்குப் பின்னால் பிடித்திருக்கச் சொன்னார்.

"இடப் பக்கமாச் சுத்து, தம்பி. ஆறுதலா நட."

முதல் சுற்று. பின்னால் சப்பாத்துச் சத்தம் அவருடைய காலடிக்கு ஒத்து வந்தது. தலைமாட்டில் நின்றபோது காதுக்குப் பக்கத்தில் மனோலிசின் மூச்சு பட்டது. புகையிலை வாசம். "ஏனா," என்று அவன் முணுமுணுத்தது கேட்டது. டிக் என்று ஒரு சத்தம், பல்லில் நகம் பட்டது போல. குடம் அசையவில்லை. மறுகணம் முதுகில் ஒரு குளிர்ந்த கோடு இறங்கியது.

இரண்டாவது சுற்று. "தீயோ." டிக். இன்னொரு கோடு.

பெட்டிக்கு அப்பால் ரதி கத்தினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தினாவின் கையை. குணரத்தினம் அண்ணனைப் பார்த்தார். சுற்றி வரும்போது முகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. நெற்றியில் திருநீறு. இவ்வளவு நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நடக்க ஒருபோதும் வாய்த்ததில்லை என்று தோன்றியது.

"திரியா." சுத்தியல் உடனே விழவில்லை. பின்னால் ஒரு மூக்குறிஞ்சல். பிறகு டிக்.

"இனிப் பின்னால விடு," என்றார் மாஸ்டர். "திரும்பிப் பாராதை."

தனக்கு நேர் பின்னால்தான் மனோலிஸ் நிற்கிறான் என்று குணரத்தினத்துக்குத் தெரியும். ஒரு கணம், அவனுடைய காலில் விழட்டும் என்றும் நினைத்தார். கையை எடுத்தார். தோளிலிருந்து பாரம் போனது.

காது காத்திருந்தது. சத்தம் வரவில்லை.

மழை விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். குணரத்தினம் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி நின்றார். திரும்பக் கூடாது. முதுகில் வழிந்த தண்ணீர் நின்றுவிட்டது. இப்போது வேறெங்கோ அது சொட்டுகிற சத்தம் கேட்டது, துணியின் மேல்.

"பிடிச்சிட்டான்," என்றார் மாஸ்டர் மெல்ல. "கடவுளே. பிடிச்சிட்டான்."

"மன்னித்துக்கொள்," என்றான் மனோலிஸ். "மன்னித்துக்கொள். நான் நினைக்கவில்லை. என் கை... அது வந்தது, கை பிடித்தது."

"விடச் சொல்லுங்கோ, மாஸ்டர்," என்றார் குணரத்தினம், சுவரைப் பார்த்தே.

"விடு. லெட் கோ," என்றார் மாஸ்டர்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஏன் விடேல்லை?"

"தம்பி, அவன் நெஞ்சோட அணைச்சு வைச்சிருக்கிறான்."

குணரத்தினத்தின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. அவர் அண்ணனுக்குச் செய்ய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். அதுவும் இப்போது அவனுடைய கையில் இருந்தது. திரும்பிப் போய்ப் பறித்துத் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பினால் முறை தவறும். திரும்பாவிட்டால் குடம் அவனோடு இருக்கும்.

சிறிய சப்பாத்துகள் சீமெந்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. ரதியின் குரல், ஆங்கிலத்தில், மிகவும் மெதுவாக: "அங்கிள் மனோலி. இது ஒத்து வராத ஓடு இல்லை. இதைப் பிடிக்கக் கூடாது. விட்டுவிட வேண்டும்."

பிறகுதான் அது உடைந்தது. பெரிய சத்தம் இல்லை. ஒரு துண்டு உருண்டு வந்து குணரத்தினத்தின் குதிகாலில் தொட்டு நின்றது.

"போ," என்றார் மாஸ்டர். "நேரே போ."

*

திரும்பும் வழியில் மாஸ்டர் முன் இருக்கையில் இருந்தார். பின்னால் ரதி.

"ஆர் உடைச்சால் என்ன," என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலே. "நீ விட்டாய். அது போய் உடைஞ்சுது. நடுவில கொஞ்சம் நேரம் போச்சு, அவ்வளவுதான்."

குணரத்தினம் வைப்பரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் விட்டேன், அவன் உடைத்தான். இல்லை, நான் விட்டேன், அவன் பிடித்தான், பிறகு அவன் விட்டான். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசிக் கை அவனுடையதாகவே இருந்தது.

"அவர் எப்போதும் பிடித்துவிடுவார், அப்பா," என்றாள் ரதி. "அதுதான் அவருடைய வேலை."

"தெரியும்," என்றார் அவர்.

ஏவன்டேலில் ஒரு சிக்னலில் நின்றபோது அவள் கண்ணாடியில் விரலை வைத்தாள். "அதோ. அந்த வேலிக்குப் பின்னால்."

அவர் பார்க்கவேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார். வேலிக்கு மேலே கூரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. நனைந்த மண் நிறம். ஓடைகள் போல வரிவரியாக இறங்கியது. விளிம்பில் சிறிய இலைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு இலைக்கும் இடையில் மழைநீர் ஒழுங்காக, ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது. அவர் நினைத்திருந்ததைவிட அது சிறிய கூரை. அவர் நினைத்திருந்ததைவிட அழகாகவும் இருந்தது. பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது.

*

வீட்டுக்கு வந்ததும் தோய்ந்துவிட்டுத்தான் உள்ளே நடமாட வேண்டும். குணரத்தினம் சுடுதண்ணீரின் கீழ் நீண்ட நேரம் நின்றார். தண்ணீரை நிறுத்தியபோது தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பழைய ஸ்வெட்டரை மாட்டியபடி பின்வாசலால் வெளியே போனார். மனோலிசின் வான் வேலியோரம் நின்றது. உடுப்புக் காயவிடும் கம்பியில் அவனுடைய கறுப்புக் கோட்டுத் தொங்கியது. அதன் நெஞ்சுப் பகுதி இன்னும் ஈரம். சுவரில் ஏணி. மழை தூறலாகக் குறைந்திருந்தது. வெள்ளைச் சட்டையோடு மனோலிஸ் கூரையில் முழந்தாளிட்டு இருந்தான். ஏணியடியில் அவன் கொண்டுவந்த புதிய கொங்கிறீற் ஓடுகள் சில அடுக்கியிருந்தன.

குணரத்தினத்தைக் கண்டதும் அவன் வேலையை நிறுத்தினான்.

"காலையில் வாளி பார்த்தேன்," என்றான்.

குணரத்தினம் ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டார்.

"சோதி ஒவ்வொரு சனியும் சொல்வான். இன்றைக்குத் தம்பி வீட்டுக் கூரை, நேரத்தோடு போகிறேன். நான் சொல்வேன், இன்னும் ஒரு வரி. ஒரே ஒரு வரி, சோதி, பிறகு போ." அவன் கையிலிருந்த ஓட்டின் விளிம்பைத் தடவினான். "பிறகு இருட்டிவிடும். அவன் போகவில்லை. நான் விடவில்லை."

மூன்று வருடமாகக் குணரத்தினம் நினைத்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். மலரிடம் சொல்லியிருக்கிறார்; அவள் நம்பவில்லை. பிறகு அவருக்கே சந்தேகம் வந்திருந்தது, தன் மனம்தான் சரியில்லையோ என்று. இப்போது அவனுடைய வாயாலேயே வந்துவிட்டது. தான் நினைத்தது சரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஈரப் புல் காலில் குத்தியது. சமையலறை ஜன்னலில் மலரும் கத்தினாவும் ஒரே தட்டிலிருந்து கோதுமையைக் கோப்பைகளில் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

அண்ணன் போக நினைத்திருக்கிறார். இவன் விடவில்லை. அண்ணனும் நின்றிருக்கிறார்.

"மூன்று நாலு ஓடு வெடித்திருக்கிறது," என்றான் மனோலிஸ். "இறக்க வேண்டும். கீழே நிற்கிறாயா?"

குணரத்தினம் வானத்தைப் பார்த்தார். வாளியை நினைத்தார். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

"ஓம்," என்றார்.

ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். தமிழில்தான் வந்தது. மனோலிசுக்கு அந்தச் சொல் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். அவன் தலையை ஆட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். முதல் ஓடு கூரையில் கரகரவென்று வழுக்கி, விளிம்பிலிருந்த மழைநீர்ப் பீலியைத் தாண்டி, குணரத்தினம் கையை நீட்டுவதற்குள் அவருடைய விரல்களுக்கு இடையால் போய்ச் சீமெந்துப் பாதையில் விழுந்து சிதறியது. துண்டுகள் அவருடைய வெறுங்காலில் பட்டன. பெரிய சத்தம். சமையலறைக்குள் பேச்சு நின்றது.

மேலே அவன் திரும்பவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஓட்டை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

குணரத்தினம் காலால் துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஈரமான உள்ளங்கைகளை ஸ்வெட்டரில் துடைத்தார். இரண்டாவது ஓடு வந்தது. அதை நெஞ்சோடு வாங்கினார். எதிர்பார்த்ததைவிடப் பாரம். பாசி வழுக்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குனிந்து அதைப் புல்லின் மேல் வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து புதியதொன்றை எடுத்துத் தலைக்கு மேலே நீட்டினார். பார்க்காமலே ஒரு கை பின்னால் வந்து அதை வாங்கிக்கொண்டது.

மேலே மூன்றாவது ஓடு அசைகிற சத்தம் கேட்டது. குணரத்தினம் கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டார்.